சயாட்டிகா: படுக்கையா, மாத்திரையா, நடையா?

"டிஸ்க் நரம்பை அமுக்குதாம் சார், மூணு வாரம் அசையாம படுக்கச் சொல்லிட்டாங்க." எம்.ஆர்.ஐ. கவரும் கையுமாக வருகிறவர்கள் என்னிடம் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பிசியோதெரபிஸ்டான நான் முதலில் அவர்களை எழுந்து நடக்கச் சொல்வேன்.

பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாகக் கால்வரை சுண்டி இழுக்கும் இந்த வலி, பெரும்பாலும் முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை உறுத்துவதால் வருவது. பிதுங்கியதை உடம்பே பல சமயம் கரைத்துவிடும். அதற்குச் சில வாரம் ஆகும். அந்த வாரங்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி.

படுத்தே கழிப்பதில் லாபமில்லை. நெதர்லாந்தில் 183 நோயாளிகளில் ஒரு பிரிவை இரண்டு வாரம் படுக்க வைத்து, மற்றவர்களை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 1999-இல் வெளியான முடிவு: 12 வாரத்தில் இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குச் சம்பளம் போனதுதான் மிச்சம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரில் 'நரம்பு மாத்திரை' என்று தாராளமாக எழுதப்படும் ப்ரீகாபலினை 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். கால் வலி கூடுதலாகக் குறையவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. (ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள்.) ஸ்டீராய்டு மாத்திரை நடமாட்டத்துக்குக் கொஞ்சம் உதவியது, வலிக்கு இல்லை, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி தருவது சில வாரச் சிறு நிவாரணம். வலியில் தூங்கவே முடியாதவருக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, என் தொழில்? அமெரிக்காவில் 220 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. நான்கு வாரம் பிசியோதெரபி பெற்றவர்கள் ஆறு மாதம் கழித்து, முடக்கத்தை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் மற்றவர்களைவிடச் சுமார் 5 புள்ளிதான் மேல். பெரிய வித்தியாசம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனாலும் வயிற்றைப் புண்ணாக்காது, தலை சுற்றாது. எப்படிக் குனிவது, எவ்வளவு நடப்பது என்ற பயம் தெளியும். முதல் ஆறு வாரத்துக்கு என் ஓட்டு நடைக்கும் பயிற்சிக்கும்தான்.

ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ என்னிடம் வராதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.