தொழிற்சாலை நிலம்: நாளைய விலையைக் கணிப்பது எப்படி?

நமக்குத் தெரிந்த பால்மரத் தொழிலாளி ஒருவர் 55 வயதில் தம் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தார். மறுமாதமே ஒரு தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். “பக்கத்தில் தொழிற்சாலை வரப்போகிறது. இந்த நிலத்தில் பங்கு போடுங்கள், இரண்டே வருடத்தில் இரட்டிப்பாகும்” என்றார். பெரியவர் நம்மிடம் வந்து, “வாத்தியாரே, நாளைய விலையை இன்றைக்கே சொல்ல முடியுமா?” என்று கேட்டார். ஓரளவுக்கு முடியும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

பினாங்கு சூலியா தெருவில் நாகூர் தர்காவைக் கடந்து கடலை நோக்கி நடந்திருப்பீர்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு அது. கப்பல் சரக்கு வந்து குவிந்த காலத்தில், கடலோரக் கிடங்குகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1969-ல் பினாங்குத் தீவு, சுங்க வரியற்ற துறைமுகம் என்ற சலுகையை இழந்தது. சரக்கு வேலையும் மெல்ல மெல்ல அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிடங்கின் சுவரும் கூரையும் அப்படியேதான் இருந்தன, தேவைதான் குறைந்தது.

அதே தீவின் தெற்கே, வயலும் கம்பமுமாக இருந்த பாயான் லெப்பாசில் 1972-ல் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்டெல் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. நிலத்துக்கும் மதிப்பு வந்தது. ஆக, மண்ணுக்குத் தானாக விலை ஏறுவதில்லை. அதன்மேல் நடக்கும் தொழில்தான் விலையைத் தருகிறது. கணிப்பின் அடிப்படை இதுதான்.

இனி, கவனிக்க வேண்டிய நான்கு அடையாளங்களைச் சொல்வோம்.

முதலாவது, தேவை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் ஆள் எடுக்கின்றனவா, குறைக்கின்றனவா? 2001-ல் உலகெங்கும் மின்னணுப் பொருள் விற்பனை சரிந்தபோது, அதன் அடி பினாங்கிலும் விழுந்தது. வெளிநாட்டுச் சந்தை தும்மினால் நமக்குச் சளி பிடிக்கும்.

இரண்டாவது, போட்டி. கட்டி முடித்தவை எத்தனை, கட்டிக்கொண்டிருப்பவை எத்தனை, திட்டத்தில் உள்ளவை எத்தனை? நிதியமைச்சின் கீழுள்ள தேசியச் சொத்துத் தகவல் மையம் இந்த எண்ணிக்கைகளை வெளியிடுகிறது. இன்று தேவை இருக்கிறதென்று பத்துப் பேர் ஒரே சமயத்தில் கட்டத் தொடங்கினால், முடிகிறபோது பத்துக் கட்டடமும் வாடகைக்கு ஆள் தேடும்.

மூன்றாவது, போக்குவரத்து. 1985-ல் பினாங்குப் பாலம் திறந்தது. 2014-ல் இரண்டாம் பாலம் பத்து காவானைத் தீவோடு இணைத்தது. பாலம், துறைமுகம், மின்சாரம், தண்ணீர் ஆகியவை இருக்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை நாடும்.

நான்காவது, நிலத்தின் பதிவு. தோட்டத்து மக்கள் மறக்கக்கூடாதது இதுதான். பதிவில் விவசாய நிலம் என்றிருந்தால் அதில் தொழிற்சாலை கட்ட முடியாது. மாநில அரசின் அனுமதி பெற்று, அதற்குரிய தொகையைக் கட்டி மாற்ற வேண்டும். அனுமதி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. குத்தகை நிலமானால், எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்து லட்சம் வெள்ளிக்கு வாங்கிய கட்டடத்துக்கு மாத வாடகை 5,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 60,000. அதாவது 6 விழுக்காடு. ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் 3 விழுக்காடுதான். நிலவரி, மதிப்பீட்டு வரி, பழுதுபார்ப்பு, வங்கி வட்டி எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். தரகர் முதல் கணக்கைச் சொல்வார். இரண்டாவதை நாம்தான் போட வேண்டும்.

அந்தப் பெரியவரை நில அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். சிறு கட்டணம் செலுத்திப் பதிவைப் பார்த்தோம். விவசாய நிலம் என்றே இருந்தது. அவர் பணத்தைக் கொடுக்கவில்லை. நாளை அங்கே தொழிற்சாலை வரலாம். அப்போது ஒரு லாபம் கைநழுவியது என்று ஆகும். வராமல் போயிருந்தாலோ, முப்பது ஆண்டு விடியற்காலை உழைப்பு கைநழுவியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

மழை வருமா என்று வானத்தைப் பார்த்துச் சொல்லலாம். சில நாள் தவறும். ஆகவே, கணிப்பு தவறினாலும் சோற்றுக்குப் பங்கம் வராத பணத்தை மட்டுமே இதில் போடலாம். இதை வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுங்கள்.