கடைக்குள் கணினி வயர் இழுக்கும் முன்

பில் போட ஒரு கணினி மட்டும் இருந்த கடைகளில் இன்று நாலைந்து இருக்கின்றன. முன்னால் காசாளரிடம் ஒன்று, மேல்மாடிக் கந்தோரில் ஒன்று, பின்னால் களஞ்சியத்தில் ஒன்று, போதாததற்குக் கண்காணிப்புக் கமெராக்கள். இவற்றை இணைக்கும் வலையமைப்பின் வயரை மாத்திரம் நம்மவர்கள் சுவருக்குச் சாயம் பூசி முடித்த பிறகே நினைக்கின்றார்கள். பெருநாள் நெரிசலில் பில் போடும் கணினி நின்றுபோனால்தான் அதன் நட்டம் தெரியும்.

முதலில் ஒரு தாளில் கடையின் படத்தைக் கீறி, கணினி, பிரின்டர், கமெரா வரும் இடங்களைக் குறியுங்கள். அடுத்து, சுவிட்ச் எனும் இணைப்புப் பெட்டிக்குக் காற்றோட்டமான, பூட்டக்கூடிய ஓர் இடம் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் தனி வயர் அந்தப் பெட்டிக்கு வரவேண்டும். ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்று என்று தொடுத்துக்கொண்டே போனால், நடுவில் ஒன்று பழுதாக அதற்கப்பால் உள்ளவை எல்லாம் நின்றுவிடும். செப்பு வயரில் ஓர் இணைப்பின் எல்லை 100 மீற்றர். வயர் சுவரில் ஏறி இறங்கித்தான் போகும் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

ஏமாற்று நடப்பது வயர் வாங்கும்போதுதான். முழுப் பெட்டியில் 305 மீற்றர், அதாவது 1000 அடி வரும். மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. பெட்டியைத் தூக்கினாலே பாரம் குறைவாக இருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் சீக்கிரம் முறியும். கமெராவுக்கு மின்சாரமும் அதே வயரில் போவதாயின் சூடேறும், தொடவே வேண்டாம். கெட் 5இ வயர் செக்கனுக்கு 1 கிகாபிட் தாங்கும், சாதாரண கடைக்கு அது போதும். கெட் 6 என்றால் சுமார் 55 மீற்றர் வரை 10 கிகாபிட். இரண்டுக்கும் இழுக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் புதுக் கட்டடத்துக்கு நான் கெட் 6 என்றே சொல்வேன். ஓர் இடத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வயர் இழுத்து வையுங்கள்.

உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். வெளி இரைச்சலை அடக்குவது அந்த முறுக்குத்தான். ஆகவே முனையில் அரை அங்குலத்துக்கு மேல் அதைப் பிரிக்கக்கூடாது. வயரிங் பாஸ், மின்சார வயரோடு ஒரே குழாயில் போட்டுத் தருகிறேன் என்பார். சம்மதிக்காதீர்கள், இரைச்சல் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. களஞ்சியம் வேறு கட்டடத்தில் இருந்தால் செப்பு வயர் வேண்டாம், பைபர் இழுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கு இடி மின்னல் எப்படியென்று சொல்லத் தேவையில்லை.

எல்லா முனைகளையும் டெஸ்டர் கருவியால் பார்த்த பின்பே மிச்சக் காசைக் கொடுங்கள். இரு முனைகளிலும் இலக்கம் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டித் துடைக்கும் பையன், கழன்று கிடக்கும் வயரின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் குத்திவிட்டால், மலிவான சுவிட்ச் என்றால் முழு வலையமைப்புமே நின்றுவிடும்.