நிரந்தரக் கருத்தடை: சுமை ஏன் பெண்ணின் மீதே?

விருத்தாசலம் வட்டத்து மங்கலம்பேட்டையானாலும் தமிழகத்தின் வேறெந்தச் சிற்றூரானாலும், குடும்பக் கட்டுப்பாடு என்றவுடன் பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சையையே நாம் எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ 0.1 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஒருவர்.

மருத்துவம் சொல்வது இதற்கு நேர்மாறானது. ஆணுக்கு அவ்விடம் மட்டும் மரத்துப்போக ஊசியிட்டு, விந்துக் குழாயைத் துண்டித்தால் போதும். அன்றே வீடு திரும்பலாம். பெண்ணுக்கோ வயிற்றினுள் கருவி செல்ல வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

எளியதை விடுத்துக் கடியதை நாடியது ஏன்? முற்காலத்தில் நிலைமை இவ்வாறில்லை. 1960களில் ஆண்களே மிகுதியாக இவ்வறுவைக்கு முன்வந்தனர். நெருக்கடி நிலைக் காலமான 1976-77இல் நாடெங்கும் நடந்த எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளில் ஏறத்தாழ 62 இலட்சம் ஆண்களுக்குரியவை. அன்றைய வற்புறுத்தல் விதைத்த அச்சத்தால் ஆண்கள் விலகினர். அரசும் பெண்கள் பக்கம் திரும்பிற்று. மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தபின், பிரசவித்த சில நாட்களிலேயே அறுவையை முடித்தனுப்புவது வழக்கமாயிற்று. ஆணை மருத்துவமனைக்கு அழைத்துவரும் அத்தகைய தருணம் எதுவுமில்லை.

அறியாமையும் ஒரு காரணம். காளைக்குக் காயடிப்பதைப் போன்றது இது, உழைக்கும் வலிமை போய்விடும் எனக் கிராமத்தார் அஞ்சுகின்றனர். அரபியில் ‘கிஸா’ எனப்படும் விதைநீக்கம் வேறு, இது வேறு. விதைகள் அப்படியே இருக்கின்றன. ஆண்மைச் சுரப்பும் குறைவதில்லை.

‘எனக்கு மார்க்கம் தடுக்கிறது’ என்று கூறி, மனைவியை அனுப்பிவைப்போரும் உளர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானம், ஷரீஅத் ஏற்கும் நிர்ப்பந்தம் இருந்தாலன்றி, பிள்ளைப் பேற்றுத் திறனை அடியோடு அகற்றுவது ஆணுக்கும் கூடாது, பெண்ணுக்கும் கூடாது என்கிறது. தம்பதியர் கலந்தாலோசித்து, மனமொப்பித் தற்காலிக முறைகளை மேற்கொள்ள அது இடமளிக்கிறது. ஆகவே தடையும் இருவருக்கும் பொது. ஆலோசனையும் இருவருக்கும் பொது. தனக்கு விலக்கெனக் கொள்வதை மனைவிக்குக் கடமையாக்குவது நீதியாகாது.

எனவே இப்பேச்சு பிரசவ அறையில் தொடங்கலாகாது. கர்ப்பகாலத்திலேயே கணவன், மனைவி இருவரும் மருத்துவரிடம் அமர்ந்து எல்லா வழிகளையும் கேட்டறிய வேண்டும். ஆணுக்கு அறுவை நடந்தாலும், ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து விந்துப் பரிசோதனையில் உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு தேவை என்பதையும் அங்கேயே அறியலாம். வலியைத் தாங்கப்போகும் பெண்ணின் சொல் அவ்வாலோசனையில் முதலில் கேட்கப்பட வேண்டும்.