பந்தயக் காருக்குப் பணம் கொடுக்கு முன்...

ரிமோட் கொன்ட்ரோல் கார் என்றதும், வாங்கி ஒரு வாரத்திலேயே உடைந்துபோகும் விளையாட்டுச் சாமான்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான் போன்ற நாடுகளில் இது ஒழுங்கான விதிகளுடன் நடைபெறும் ஒரு போட்டி. அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1967இலேயே தோன்றிவிட்டது. பத்தில் ஒரு பங்கு அளவான மின்சாரக் கார்களுக்குரிய கரடுமுரடான பாதையின் முதலாவது உலகப் போட்டி 1985இல் கலிபோர்னியாவில் நடந்தது.

உங்கள் பிள்ளைக்கும் இதில் ஆசை பிறந்தால் என்ன செய்வீர்கள்? காரின் விலையை மட்டும் பார்த்துப் பணத்தை எடுத்து வைத்தால் ஏமாந்து போவீர்கள். பெரும்பாலான பந்தயக் கார்கள் மின் உறுப்புகள் எதுவுமின்றியே விற்கப்படுகின்றன. அவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும்.

முதலில், பிள்ளை ஓடப்போகும் கழகத்தின் விதிகளைக் கேட்டறியுங்கள். புதியவர்கள் சேரும் பிரிவுகளில் பெரும்பாலும் 17.5 சுற்று மோட்டாரே அனுமதிக்கப்படுகிறது. கம்பிச் சுற்று குறையக் குறைய வேகமும் சூடும் கூடும். ஆகவே விலையுயர்ந்த, அதிவேக மோட்டாரை வாங்கினால், அந்தப் பிரிவில் ஓடவே முடியாமற் போகலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அப்பிரிவுக்கு அனுமதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

பணம் குறைவாயின் எதில் செலவிடுவது? ரேடியோவிலும் சார்ஜரிலும்தான். கார் மாறினாலும் இவை இரண்டும் பல ஆண்டுகள் கூடவே வரும். ரேடியோ வாங்கும்போது, அதற்குப் பொருந்தும் ரிசீவரின் விலையையும் விசாரியுங்கள். ஒரு கம்பனியின் ரிசீவர் மற்றொன்றின் ரேடியோவுடன் பொதுவாக வேலை செய்யாது. சக்கரத்தைத் திருப்பும் சேர்வோ, உலோகப் பற்சக்கரம் கொண்டதாயின் மோதலைத் தாங்கும்.

ரேடியோவைப் பாவித்ததாக வாங்கலாம். பற்றரியை மட்டும் அப்படி வாங்கவே வேண்டாம். இப்போட்டிகளில் பாவிக்கப்படும் லிதியம் பொலிமர் பற்றரி தவறாகக் கையாளப்பட்டால் தீப்பற்றக்கூடியது. இரண்டு செல் பற்றரி முழுதாக நிரம்பும்போது 8.4 வோல்ட் இருக்கும். அதற்கு மேல் ஏறவிடலாகாது. ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தி நிரப்பும் சார்ஜர் அவசியம். 5000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருந்தால் 5 அம்பியரில் நிரப்புவது பாதுகாப்பானது.

சார்ஜ் ஏறும்போது அருகில் ஒருவர் இருக்கட்டும். கட்டில், மெத்தை, திரைச்சீலை அருகில் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையே நல்லது. இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். வீங்கிய பற்றரியை மீண்டும் பாவிக்க இடமளிக்காதீர்கள். பல நாட்கள் பாவிக்காது வைப்பதாயின் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

மோட்டாரில் மிச்சம் பிடித்தால் பிள்ளை ஒரு பந்தயத்தில் பிந்தலாம். சார்ஜரில் மிச்சம் பிடித்தால் வீட்டுக்கே ஆபத்து. எதை முதலில் வாங்குவது என்பதை இனி நீங்களே தீர்மானியுங்கள்.