இரட்டைக் குட்டியும் கிடாயின் பங்கும்

நம்ம மேச்சேரி ஆடானாலும் சரி, சென்னைச் சிவப்பு ஆடானாலும் சரி, ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். வங்காளத்துச் சுந்தரவனச் சதுப்பு நிலத்தில் கரோல் என்றொரு ஆடு உண்டு. வளர்ந்த பெட்டையே 10 முதல் 15 கிலோதான் இருக்கும். ஆனாலும் சர்வசாதாரணமாக இரண்டு, மூன்று குட்டி போடும். தீவனம் காரணமில்லை. தலைமுறையாக வரும் ஒரு ஜீன், அதாவது மரபணு, அதற்குக் காரணம்.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அது எப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சினைப்பையில் உள்ள முட்டைக் கொப்புளங்களை வளர்ப்பது இதன் வேலை. சாதாரண ஆட்டில் ஒரு கொப்புளம் முந்திக்கொள்ளும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் பிட்யூட்டரியைப் பார்த்து "போதும்" என்று சொல்லிவிடும். எப்.எஸ்.எச். குறையும், மற்ற கொப்புளங்கள் வாடிப்போகும். முட்டை ஒன்று, குட்டியும் ஒன்று.

கரோல் ஆட்டில் கொப்புளங்கள் சிறிதாக இருக்கும்போதே பழுத்துவிடுகின்றன. சிறிசு என்பதால் ஒவ்வொன்றும் சுரப்பது கொஞ்சம்தான். பல கொப்புளங்கள் சேர்ந்து சொன்னால்தான் பிட்யூட்டரிக்கு அந்தப் "போதும்" கேட்கும். அதற்குள் அத்தனையும் முட்டை விடத் தயாராகிவிடும்.

இந்த ஜீனுக்குப் பூரூலா என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஒரு மெரினோ பண்ணையின் பெயர் அது. 1790களில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய ஆடுகள் மூலம் அங்கே போயிருக்க வேண்டும் என்கிறார்கள். ஜீனில் எந்த இடத்தில் மாற்றம் என்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். நம்ம நாட்டுச் சரக்கு, ஊர் சுற்றிப் பெயர் வாங்கி வந்திருக்கிறது!

மகாராஷ்டிராவில் பல்டன் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கியது. உடம்பு தக்காணி ஆட்டுடையது, குட்டி போடும் குணம் கரோலுடையது.

கவனிக்க வேண்டிய ஆள் கிடாய்தான். அது குட்டி போடாததால், ஜீன் இருப்பது பார்வைக்குத் தெரியாது. சில துளி ரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வரும். இரண்டு பங்கும் உள்ள கிடாயைச் சாதாரண ஆடுகளோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். ஒரு பங்குள்ள கிடாய் என்றால் சுமார் பாதிக்குத்தான். ஒரு பங்கு இருந்தாலே பருவத்துக்குச் சுமாராக ஒன்றரை முட்டை கூடும். இரண்டு பங்கு என்றால் மூன்று கூடும்.

இரண்டு பங்கு நல்லதுதானே என்று ஆசைப்படாதீர்கள். மேய்ச்சலை மட்டும் நம்பி வளர்ப்பவருக்கு மூன்று, நான்கு குட்டி கட்டுப்படியாகாது. குட்டி நோஞ்சானாகப் பிறக்கும், தாய்க்கும் பால் எட்டாது. என்னைக் கேட்டால் ஒரு பங்கு போதும். ஒரு பங்குள்ள பெட்டையைத் திரும்பவும் ஜீன் உள்ள கிடாயோடு விடாதீர்கள்.

ஒரு பங்குக்கும் செலவு உண்டு. கரு வேகமாக வளர்வது சினையின் கடைசி ஆறு வாரத்தில். அப்போது மேய்ச்சலுக்கு மேல் அடர்தீவனமும் கொடுக்கணும். குட்டி விழுந்ததும் இரண்டும் சீம்பால் குடித்தனவா என்று நின்று பாருங்கள். மெலிந்தது முட்டித் தள்ளப்பட்டால், சீம்பாலைக் கறந்து நீங்களே ஊட்டிவிடுங்கள்.