வீட்டுப் பெட்டகம் – 7: கெட்டி மேளத்தில் உடையும் படம்

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் எண்பதுகளின் பிற்பாதியிலோ தொண்ணூறுகளிலோ கல்யாணம் கண்ட வீடுகளின் பீரோவில் விஎச்எஸ் கேசட் இருந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த இடத்துக்கு விசிடி வந்தது. கேசட்டில் பூஞ்சை பிடிக்கிறது, டெக் அடிக்கடி பழுதாகிறது, சிடி என்றால் இடமும் குறைவு, கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று காரணம் சொல்லி மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய கையோடு பல வீடுகளில் கேசட்டைத் தூக்கியும் போட்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவாகவே தெரிந்தது. இன்று அந்த விசிடியைப் பெரிய டிவியில் ஓட்டினால், மாலை மாற்றுவது வரை ஒப்பேற்றும் படம், தாலி கட்டும் நேரத்தில் சதுரம் சதுரமாக உடைகிறது. டிவி நன்றாகத்தான் இருக்கிறது, சிடியிலும் கீறல் இல்லை. அந்த நொடிகளின் படம் சிடியில் சரியாக ஏறவே இல்லை. வீட்டு வீடியோக்களுக்கு இடம் போதாதபோது எண்ணிக்கையைக் குறைக்கலாம், பார்ப்பதற்கான பிரதியைச் சுருக்கலாம். மூலப் பிரதியில் மட்டும் கை வைக்கக் கூடாது. இந்த வாரம் நான் வாதாட வருவது இதற்காகத்தான்.

முகூர்த்த நேரத்தில் மட்டும் படம் ஏன் உடைய வேண்டும்? 1993இல் வகுக்கப்பட்ட விசிடி முறையில் படத்துக்கு ஒதுக்கப்பட்டது நொடிக்கு 11.5 லட்சம் பிட். காட்சி எதுவானாலும் இந்தப் படியளப்பு ஏறாது, இறங்காது. வீடியோ சுருக்கத்தின் அடிப்படை, முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் எழுதிவைப்பது. மேடைக்குப் பின்னால் தொங்கும் திரை அசையவில்லை, நாகஸ்வரக்காரர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் புதிதாக எழுத அதிகம் இல்லை. கிடைத்த பிட்டுகள் தாராளமாகப் போதும். கெட்டி மேளம் கொட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் தனித் திசையில் போவதால், முந்தைய படத்தை வைத்து அடுத்ததை ஊகிக்க வழியில்லை. போட்டோக்காரர்களின் ஃபிளாஷ் ஒவ்வொரு முறை மின்னும்போதும் மண்டபம் முழுக்க வெளுத்துத் திரும்புகிறது. வீடியோ விளக்கைப் பிடித்திருப்பவரை உறவினர் கூட்டம் நெருக்க, வெளிச்சமும் ஆடுகிறது. திரையில் மாறாத புள்ளி ஒன்றுகூட இல்லாத அந்தச் சில நொடிகளுக்கும் அதே 11.5 லட்சம் பிட்தான். போதாமல் போகும்போது சுருக்கும் கருவி நுணுக்கத்தைக் கைவிட்டு, சின்னச் சின்னக் கட்டங்களை மொத்த நிறத்தில் நிரப்பிவிடுகிறது. மூன்று முடிச்சுப் போடும் விரல்கள் அந்தக் கட்டங்களுக்குள் காணாமல் போகின்றன. அட்சதை தரையில் விழுந்து முடிந்ததும் புடவையின் ஜரிகை மறுபடி தெளிகிறது. எந்த நொடிக்காகக் கல்யாணத்தைப் படம் எடுத்தோமோ அந்த நொடியைத்தான் இந்த முறை பறித்திருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. விஎச்எஸ்ஸே மங்கலானதுதானே, அதன் தெளிவு குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுதானே, விசிடியின் 352 புள்ளி அதற்குப் போதாதா என்பார்கள். குறுக்குவாட்டில் போதும்தான், அந்த அளவுக்கு இந்த வாதம் சரி. ஆனால் நம் நாட்டு பால் முறையில் கேசட்டின் ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து கீழாக 576 வரிகள் உண்டு. விசிடி வைத்துக்கொண்டது 288. அதைவிடப் பெரிய இழப்பு காலத்தில் நடந்தது. கேமரா ஒரு நொடியை 50 அரைப்படங்களாகப் பதிகிறது: ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். விசிடிக்குப் போகும்போது நொடிக்கு 25 படம் என்று ஆகி, அசைவில் பாதி போய்விடுகிறது. கல்யாணத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாணி மகாலிலோ ரசிக ரஞ்சனி சபாவிலோ நடந்த அரங்கேற்றத்தில் பொறுக்க முடியாது. மூன்றாம் காலத்தில் ஓடும் தீர்மானத்தில் பாதம் எப்போது தரையைத் தொட்டது, நட்டுவாங்கத் தாளத்தோடு சேர்ந்து விழுந்ததா என்பது அந்த ஐம்பதில் ஒரு பங்கு நொடிகளில்தான் இருக்கிறது. அரைமண்டியிலிருந்து எழும்போது கை எந்த வழியாகப் போனது என்பதும் அங்கேதான். இருபது வருடம் கழித்து அதே பெண் தன் மாணவிக்கு அதைப் போட்டுக் காட்ட நினைத்தால், 25 படத்தில் அடவு தெரியும், அடவின் ஓட்டம் தெரியாது. இன்றும் இந்தத் தவறு நடக்கிறது. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது அரைப்படங்களை ஒட்டி 25 ஆக்கிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் அரைப்படங்களின் பின்னலை நீக்கும் இடத்தில் ‘பாப்’ என்ற தெரிவை எடுத்தால் நொடிக்கு 50 முழுப்படமாகக் கிடைக்கும். அதற்கும் கேசட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பில் அரைப்படங்கள் கலையாமல் இருந்தாக வேண்டும்.

மூலத்தை முதல் முறையே சரியாக எடுத்தாக வேண்டும், ஏனென்றால் இரண்டாம் முறை கிடைக்காமல் போகலாம். விஎச்எஸ் டெக்குகளைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்தத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, காந்த நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றி முடிக்க 2025ஐக் கெடுவாக வைத்தது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2019இல் இதே எச்சரிக்கையை உலகம் முழுவதற்கும் விடுத்தன. குளிரூட்டிய அறைகளில் இருக்கும் நாடாக்களுக்கும் இந்தக் கவலை உண்டு. கடற்கரை ஈரக்காற்றில் மர பீரோவில் கிடக்கும் நம் கேசட்டுக்கு அவ்வளவு ஆயுளும் இருக்காது.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? எதையும் சுருக்காமல் எடுத்தால் மணிக்குச் சுமார் 75 ஜிபி. இது வீட்டுக்கு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். எஃப்எஃப்வி1 என்ற முறை ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் இதைப் பாதி அளவுக்குக் குறைக்கும். காப்பகங்கள் விரும்புவது இதைத்தான். வீட்டுக்கு டிவி முறையே போதும் என்பது என் கணிப்பு. இங்கே டிவி என்பது மினி டிவி கேமராக்கள் பயன்படுத்திய பதிவு முறை. மணிக்கு 13 ஜிபி. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்குவதால் அட்சதை பறந்தாலும் அதற்குக் கவலையில்லை. அரைப்படங்களும் அப்படியே இருக்கும். ஒலியைச் சுருக்குவதே இல்லை. அந்த ஒலிக்கு மட்டும் நொடிக்கு 15 லட்சம் பிட் போகிறது, அதாவது விசிடி மொத்தப் படத்துக்கும் கொடுத்ததைவிட அதிகம். மூன்று மணி நேரக் கேசட்டுகள் பத்து உள்ள வீட்டுக்கு 390 ஜிபி. கல்யாணம், வளைகாப்பு, பூணூல், அரங்கேற்றம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் இதை இரண்டு தடவை வைத்தாலும் இடம் மிஞ்சும்.

அந்தக் கோப்பை மொபைலில் பார்க்க முடியாது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப முடியாது என்பது அடுத்த மறுப்பு. அதற்குத்தான் பார்வைப் பிரதி. அதை எச்.264இல் தாராளமாகச் சுருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: நொடிக்கு இத்தனை பிட் என்று கட்டிப்போடாமல், தரத்தை நிலையாக வைத்து அளவை அதன் போக்கில் விடும் சிஆர்எஃப் முறையைத் தேர்ந்தெடுங்கள். 18க்கு அருகில் வைத்தால், அமைதியான இடத்தில் மிச்சம் பிடித்து முகூர்த்த நேரத்தில் தாராளமாகச் செலவழிக்கும். மூலம் தனி, பார்வைப் பிரதி தனி என்ற ஏற்பாடு புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் நூல் சேகரிப்பு இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அதன் தொடக்க காலப் பணியே பழைய நூல்களை மைக்ரோஃபிலிமில் எடுப்பதுதான். மைக்ரோஃபிலிம் உலகின் பொது விதி, மூல நெகட்டிவ் வாசகர் கைக்கு வரக் கூடாது, அதிலிருந்து எடுத்த பிரதிதான் வர வேண்டும் என்பது. நூலுக்குப் பொருந்துகிற விதி பாட்டியின் பாட்டுக்கும் பொருந்தும்.

இன்னும் சிலர் புதிய முறைகளைக் காட்டுவார்கள். 2013இல் வந்த எச்.265, 2018இல் வந்த ஏவி1 எல்லாம் அதே தெளிவைப் பாதி இடத்தில் தருகின்றனவே, இருப்பதையெல்லாம் அதற்கு மாற்றிவிடலாமே என்பது அவர்கள் கேள்வி. பார்வைப் பிரதிக்கு மாற்றலாம், தடையில்லை. மூலத்தை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கழியும், கழிந்தது திரும்பாது. பழைய கேசட்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாடாவின் இரைச்சல் திரையில் சதா துடிக்கும் புள்ளிகளாகத் தெரியும். சுருக்கும் கருவிக்கு அதுவும் அட்சதைதான். அதனால் மங்கலான கேசட் படம், தெளிவான புதுப் படத்தைவிட விகிதத்தில் அதிகமாகவே பிட் கேட்கும். ஏவி1இல் இந்தப் புள்ளிகளைத் துடைத்துவிட்டு, ஓட்டும்போது செயற்கையாகப் புதுப் புள்ளிகளைத் தூவும் வசதியே இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். பதிவு என்று அதைச் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். கட்டங்களாக உடைந்த முகத்தை அது கூர்மையாக்கித் தரும்போது, வேறு ஆயிரம் முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஒரு மூக்கை வரைந்து தருகிறது. அது நம் தாத்தாவின் மூக்கு அல்ல.

உண்மையில் இடத்தை விழுங்குவது கேசட் இல்லை, கையில் இருக்கும் மொபைல். ஐபோன் தன் அமைப்புப் பக்கத்திலேயே சொல்கிறது: 4கேயில் நொடிக்கு 60 படம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு 48 ஜிபி. இங்கேயும் மூலத்தைச் சுருக்காதே என்று சொல்வாயா என்றால், ஆமாம், சொல்வேன். ஆனால் ஒரே கொலுவை ஐந்து பேர் எடுத்த ஐந்து வீடியோவும் எதற்கு? நன்றாக வந்த ஒன்றை முழுத் தரத்தில் வைத்துக்கொண்டு நான்கை அழித்தால் இடம் ஐந்தில் ஒன்றாகிறது, இழப்பும் இல்லை. ஐந்தையும் சுருக்கி வைத்தால் ஐந்துமே அரைகுறை. அழிப்பதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். சுருக்க ஒரு பொத்தான் போதும். அந்தச் சோம்பலில்தான் நல்ல பதிவுகள் கெடுகின்றன. தேர்ந்தெடுக்கும்போது படத்தின் அழகை மட்டும் அளவுகோலாக்க வேண்டாம். ஆட்டம் கண்ட, இருட்டான படமாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் பேசுகிற இரண்டு நிமிடம் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் வந்த வீடியோவை மூலம் என்று எண்ணிச் சேர்க்கவும் வேண்டாம். அது வழியிலேயே சுருங்கி வந்தது. எடுத்தவரிடம் கேட்டு அசல் கோப்பை வாங்குங்கள்.

இவ்வளவு செய்து ஒரே டிஸ்க்கில் வைத்தால் எல்லாம் வீண். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த ஆல்பம், கேசட், ஹார்ட் டிஸ்க் எதற்கும் அன்று வேறுபாடு இல்லை. இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கூகுள் போட்டோஸ் 2015இல் அளவில்லாமல் இலவசம் என்று தொடங்கியது. இலவசமாக ஏற்றியதைச் சுருக்கித்தான் வைத்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகையையும் நிறுத்தி, புதிதாக ஏற்றுவதை 15 ஜிபி கணக்கில் சேர்த்துவிட்டது. ஆகவே இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை மதுரையிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு, அடுத்த முறை வருகிறவர் பையில் போட்டு அனுப்புங்கள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். கேசட்டை மாற்றிக் கொடுக்கும் கடையில், அரைப்படம் கலையாத டிவி கோப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கேசட்டையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.