மின்னூலும் கள்ளாமையும்

மலைநாட்டு மாணவர்க்கு நல்ல நூல் எளிதிற் கிட்டும் பொருளன்று. கினிகத்தேனையில் இருப்பார் ஒரு நூல் வேண்டின் அட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ பேருந்து ஏற வேண்டும். சென்னையில் அச்சாகும் நூல் கடல் கடந்து வருமுன் அதன் விலை மாணவர் கைக்கு எட்டாததாகி விடுகிறது. மின்னூல் வந்தபோது இக்குறை நீங்கும் என மகிழ்ந்தோம். ஆயின் மின்னூலுக்கும் நாட்டெல்லை உண்டு. விற்பனை உரிமை நாடுதோறும் தனித்தனியே வழங்கப்படுவதால், ஒரு நாட்டில் விற்கும் மின்னூல் மற்றொரு நாட்டார்க்குக் கிட்டாமற் போவதுண்டு. பணம் கொடுக்க மனமிருந்தும் வாங்க இயலாத மாணவர், எவரோ இசைவின்றி ஏற்றிவைத்த படியைப் பதிவிறக்கிக் கொள்கின்றனர். இது தகுமா?

சட்டத்தின் விடை தெளிவானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டும் பதிப்புரிமையைக் காக்கிறது. இந்தியாவில் அக்காலம் 60 ஆண்டு. 1947இல் மறைந்த கோ. நடேசய்யரின் எழுத்தை இன்று எவரும் படியெடுக்கலாம். 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தோ 2054ஆம் ஆண்டு முடியும்வரை இங்கே காப்புடையது.

“கடையில் இல்லை, ஆதலால் எடுத்தேன்” என்பார் உளர். கடையில் இல்லாமையால் நூலுக்கு உடையவர் இல்லை என்றாகிவிடாது. மலையக எழுத்தாளர் பலர் தம் கைப்பொருளை இட்டே நூலை அச்சேற்றுகின்றனர். பறித்த கொழுந்துக்கு உரிய கூலி கேட்டுத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய மக்கள் நாம். எழுதியவரின் கூலியை நாமே மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

பதிப்பாளர்க்கும் கடமை உண்டு. வாங்க வருவார்க்குக் கதவை அடைத்துவிட்டு, களவு மலிந்ததென்று வருந்துதல் பயனற்றது. ஏழை நாட்டு வாசகர்க்கு ஏற்ற விலையில் மின்னூலைத் திறந்துவிடின் களவில் ஒரு பகுதி தானே குறையும்.

நேரிய வழிகளும் உள. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகிறது. 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவருகிறது. இவ்விரண்டிலும் இல்லாத நூலாயின், அதன் ஆசிரியர்க்கோ அவர்தம் குடும்பத்தார்க்கோ பள்ளியின் பெயரால் ஒரு மடல் எழுதி இசைவு கேட்கலாம். மாணவர்க்கென்று கேட்டால் மனமுவந்து அளிப்பார் பலர்.

வள்ளுவர் கல்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றை மறைக்கலாகாது. அம்மடலை எழுதும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது.